இயந்திரம் தெரியாத வீட்டுக்கு வந்த சின்ன ட்ரக்டர்: வன்னியில் மூன்று வருட அனுபவம்

இது கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாயும் ஓர் ஊரில் நடந்தது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் ஊரும் போடவேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டேன். அவர்களின் வயலுக்கு அடுத்தது எங்கள் வயல், அதனால் பாதிக்கு மேல் நானே நேரில் பார்த்தது. மிச்சம் அவர்கள் எழுதி வைத்திருக்கும் கொப்பியில் இருந்து எடுத்தது. இப்போது எங்கள் பக்கத்தில் பாவித்த சின்ன ட்ரக்டர் வாங்குகிற ஆட்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள், அதில் கனபேருக்கு இயந்திரத்தோடு பழக்கமே இல்லை. அவர்களுக்காகத்தான் இதை முழுக்க எழுதுகிறேன்.

பின்னணி

உரிமையாளரை ஊரில் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வாங்கும்போது அவருக்கு 51 வயது. கணவர் இல்லை. மூத்த மகள் கலியாணம் கட்டிப் போய்விட்டார், இளையவர் படித்துக்கொண்டிருந்தார். 4 ஏக்கர் வயல், வீட்டு வளவோடு ஒட்டி ஒரு ஏக்கர் மேட்டுக்காணி, அதில் கச்சானும் உளுந்தும்.

உழவுக்கு ஒவ்வொரு போகமும் கூலி ட்ரக்டரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காலபோகத்துக்கு, அதாவது மாரி மழையோடு செய்யும் பெரும்போகத்துக்கு, புழுதியில் விதைக்கிறவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். முதல் மழை விழுந்த கிழமையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ட்ரக்டர் வேண்டும், கூடக் காணி வைத்திருப்பவருக்கு முதலில் போகும், வீட்டில் ஆண் துணை இருக்கிற இடத்துக்கு அடுத்ததாகப் போகும், அக்காவின் துண்டுக்கு வரும்போது ஈரம் போய்விடும் அல்லது மழை பிடித்து மண் சேறாகிவிடும். 2020 காலபோகத்தில் அவர் 12 நாள் காத்திருந்தார். பன்னிரண்டாம் நாள் பின்னேரம் வந்த ட்ரக்டர் இரண்டு துண்டை உழுதுவிட்டு இருட்டுகிறது என்று போனது, பிறகு வரவில்லை.

அந்த வருடம்தான் சொந்தமாக ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்தார். கனடாவில் இருக்கிற தம்பி கொஞ்சம் அனுப்பினார், மிச்சத்துக்கு நகை அடகு. பெரிய ட்ரக்டர் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது: துண்டுகள் சிறியவை, வளவுப் படலை ஒடுக்கம், பெரியதின் பாரத்துக்கு எங்கள் வயல் சேற்றில் சில்லு ஆழமாகப் புதையும். இரண்டு சில்லு லான்ட்மாஸ்டர் மலிவுதான், ஆனால் அதன் பின்னால் நாள் முழுக்க நடக்க ஆள் வேண்டும். அந்த முடிவில் பிழை இருந்ததாக நான் இன்றைக்கும் நினைக்கவில்லை.

வாங்கிய நாள்

2021 ஆடி மாதம். வாகன இறக்குமதி 2020 இலேயே நிறுத்தப்பட்டிருந்ததால் நாட்டுக்குள் இருந்த பாவித்த இயந்திரங்களுக்கு விலை ஏறி, பார்த்துத் தெரிவு செய்ய அதிகம் இருக்கவில்லை. வவுனியாப் பக்கம் ஒரு விற்பனைத் தளத்தில் யப்பானில் பாவித்து வந்த 24 குதிரைவலு, மூன்று சிலிண்டர், நாலு சில்லும் இழுக்கிற ஒன்று, பின்னால் கத்திகள் சுழன்று மண்ணைக் கிளறும் ரொட்டவேற்றரோடு. அக்கா, அவருடைய பெறாமகன், இன்னொரு உறவுக்காரர், மூன்று பேர் போனார்கள். பெறாமகனுக்கு 22 வயது, லான்ட்மாஸ்டரும் மோட்டார் சைக்கிளும் ஓட்டுவான், எஞ்சினைத் திறந்து பார்த்ததில்லை.

அவர்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தது. காலையில் யாரோ வந்து ஓட்டிப் பார்த்ததாகச் சொன்னார்கள். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது, எல்லாருக்கும் சந்தோஷம். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது, முதலில் என்ன நிறப் புகை வருகிறது என்று பார்க்கிற வாய்ப்பு அதோடு போய்விட்டது. மணி மீற்றர் 640 காட்டியது. கிளச் பெடலின் றப்பரோ வரி எதுவும் இல்லாமல் வழுவழுவென்று தேய்ந்து, ஓரத்தில் இரும்பு தெரிந்தது. 640 மணித்தியாலத்தில் ஒரு றப்பர் அப்படித் தேயாது. இதைப் பெறாமகன் கண்டிருக்கிறான், கேட்கத் தோன்றவில்லை. பெயின்ற் புதிதாக அடிக்கப்பட்டிருந்தது. லீவர்களுக்குப் பக்கத்தில் இருந்த எழுத்து எல்லாம் யப்பான் மொழி.

"ஒயில் மட்டும் மாத்தினா காணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். எந்த ஒயில், எங்கே, எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று இவர்களும் கேட்கவில்லை. என்ன கேட்பது என்றே தெரியாத நிலை அது. தெரியாமல் வாங்குகிறவர் எல்லாரும் நிற்கிற இடம் இதுதான் என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதல் உழவும் அந்தப் பிற்பகலும்

புரட்டாதியில் உழவு தொடங்கியது. சிறுபோகம் வெட்டிய வயல், வெட்டு இயந்திரம் கொட்டிவிட்டுப் போன வைக்கோல் காய்ந்து கிடந்தது. ரொட்டவேற்றர் சுற்றும்போது புழுதியும் வைக்கோல் தூளும் புகைபோல எழும்பி முன்பக்கம் முழுக்க மூடும். மூன்று நாள் பிரச்சினை இல்லை. நாலாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு சூட்டு முள் நடுவைத் தாண்டி ஏறியது. பெறாமகன் கண்டான். இன்னும் ஒரு துண்டுதானே என்று ஓட்டினான். முள் சிவப்பைத் தொட்டதும் உடனே சாவியைத் திருப்பி நிற்பாட்டினான், பத்து நிமிடம் பொறுத்து நனைத்த சாக்கைப் போட்டு றேடியேற்றர் மூடியைத் திறந்தான், நீராவி சீறியது, கை சுடாமல் தப்பியது பெரிய காரியம். பிறகு வாய்க்காலில் ஒரு வாளி தண்ணீர் அள்ளி அப்படியே ஊற்றினான். திரும்பவும் ஸ்டார்ட் பண்ணி அந்தத் துண்டை முடித்தான்.

இந்த ஒரு மணித்தியாலத்தில் நடந்ததைப் பிறகு மெக்கானிக் எங்களுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார். முள் ஏறத் தொடங்கியபோதே உழவை விட்டு, ரொட்டவேற்றர் சுற்றுவதை நிற்பாட்டி, பாரம் இல்லாமல் எஞ்சினை மெதுவாக ஒரு ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகுதான் நிற்பாட்ட வேண்டும். திடீரென்று நிற்பாட்டினால் தண்ணீரும் விசிறியும் நின்றுவிடும், இரும்புக்குள் இருக்கிற சூடு போக இடமில்லாமல் அங்கேயே நிற்கும். மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. கொதித்த எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் எஞ்சினின் மேல் மூடியான ஹெட் வளையும், அதில் வெடிப்பு விழவும் கூடும். இதில் ஒன்றும் அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. பக்கத்து வயலில் நின்ற நானும் "தண்ணி விடு தம்பி" என்றுதான் கத்தினேன்.

அடுத்த இரண்டு நாளும் றேடியேற்றரில் தண்ணீர் குறைந்தது. கீழே ஒழுகவில்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது வெள்ளைப் புகை, மூடியைத் திறந்துவைத்துப் பார்த்தால் தண்ணீருக்குள் குமிழி. மூன்றாம் நாள் ட்ரக்டர் வயலிலேயே நின்றது.

திறந்து பார்த்தது

பரந்தன் பக்கம் ஒரு வயதான மெக்கானிக், 60 தாண்டியவர், வந்து பார்த்தார். அவர் முதலில் போனது எஞ்சினுக்கு அல்ல, றேடியேற்றருக்கு முன்னால் இருக்கிற வலைக்கு. அதை இழுத்து எடுத்தார். ஒரு பக்கம் முழுக்க வைக்கோல் தூளும் மண்ணும் சேர்ந்து அப்பம்போல ஒட்டியிருந்தது. விரலால் ஒரு மூலையைப் பிடித்து உரித்தார், ஒரே துண்டாக வந்தது. அதன் பின்னால் றேடியேற்றர் இதழ்களுக்கு இடையிலும் அதே மண். காற்றுப் போக வழியே இல்லை. விசிறிப் பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்திக் காட்டினார், ஒரு அங்குலம் தாழ்ந்தது. அரை அங்குலம்கூடத் தாழக்கூடாது என்றார்.

"தங்கச்சி, இது எஞ்சின் செய்த பிழை இல்லை. ஒரு நாளைக்கு ரெண்டு தரம் இந்த வலையைத் தட்டியிருந்தா இந்தச் செலவு இல்லை" என்றார்.

ஹெட்டைக் கழற்றும்போது அக்காவைப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருக்கச் சொன்னார். வேலை செய்கிற இடத்தில் பெண்கள் இருந்தால் சிலருக்குப் பிடிக்காது, இவர் அழைத்து இருத்தினார். ஹெட்டுக்கு அடியில் இருக்கும் காஸ்கெற் தகட்டில் இரண்டாம் மூன்றாம் சிலிண்டருக்கு நடுவில் ஒரு விரல் அகலத்துக்குக் கருகி, தகடு மெலிந்து பிய்ந்திருந்தது. நேரான இரும்புச் சட்டத்தை ஹெட்டின் குறுக்கே வைத்து அடியில் மெல்லிய தகடு ஒன்றை நுழைத்துப் பார்த்தார், நடுவில் நுழைந்தது. இப்படிச் சின்ன டீசல் எஞ்சின்கள் பலவற்றில் 0.05 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி வந்தாலே ஹெட்டைச் சமப்படுத்த வேண்டும்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. காஸ்கெற்றை மட்டும் மாற்றினால் செலவு குறைவு, நாலு நாளில் வயலுக்குப் போகலாம், மழையும் வரப்போகிறது. ஹெட்டை வவுனியாவுக்குக் கொண்டுபோய் லேத்தில் சமப்படுத்தினால் இரண்டு கிழமைக்கு மேல். உறவுக்காரர்கள் எல்லாரும் முதலாவதைச் சொன்னார்கள். அக்கா மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணை, உங்கட மெஷின் எண்டா என்ன செய்வியள்?" அவர் லேத்துக்கு அனுப்புவேன் என்றார். அனுப்பினார்கள். அந்தப் போகம் விதைப்புக்குத் திரும்பவும் கூலி லான்ட்மாஸ்டர், திரும்பவும் பிந்தியது. மொத்தச் செலவு, ஒரு நல்ல வருடத்தில் அவருக்கு ஒரு போகம் தருகிற இலாபத்தில் பாதிக்குக் கிட்ட வந்தது. அந்த வருடம் இரசாயன உர இறக்குமதித் தடையால் விளைச்சலும் விழுந்தது, அதனால் பிந்தி விதைத்ததால் எவ்வளவு போனது, உரம் இல்லாமல் எவ்வளவு போனது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கொப்பி

ட்ரக்டர் திரும்பி வந்த நாள் மெக்கானிக் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி வரச் சொன்னார். முதல் பக்கத்தில் அக்காவே எழுதினார், அவர் சொல்லச் சொல்ல. காலையில் ஸ்டார்ட் பண்ண முதல் ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்து, திரும்ப விட்டு எடுத்துப் பார்ப்பது. குளிர்ந்திருக்கும்போது மட்டும் றேடியேற்றர் மூடியைத் திறப்பது. டீசல் பில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பது. வலையைத் தட்டுவது, புழுதி உழவில் ஒவ்வொரு இரண்டு மணித்தியாலமும். ரொட்டவேற்றர் கத்தி போல்ட்டுகளைச் சாவி போட்டு இறுக்கிப் பார்ப்பது. கிறீஸ் அடிக்கும் இடங்களை எண்ணி, ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்ற்றில் ஒரு பொட்டு வைத்தார்கள். யப்பான் எழுத்து இருந்த லீவர்களுக்கு வெள்ளைப் பெயின்ற்றில் தமிழில் எழுதினார்கள்.

எஞ்சின் ஒயில் 15 டபிள்யூ 40, எங்கள் புழுதிக்கு 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பில்டரோடு மாற்றம். மீற்றரை நம்பாமல் அன்றைய எண்ணை ஒன்று என்று வைத்து அங்கிருந்து கணக்கு.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தொடக்கூடாதவை: ஹெட், இன்ஜெக்டர் பம்ப், கிளச், கியர்ப்பெட்டி. அவற்றுக்கு ஆளைக் கூப்பிடுவது. எனக்கு இந்தக் கொப்பியிலேயே பிடித்த பக்கம் அதுதான். எதைச் செய்யமாட்டோம் என்று எழுதிய பிறகு மற்றதைச் செய்யப் பயம் போனது என்று அக்கா சொன்னார்.

இன்னொரு முடிவையும் அன்றைக்கே எடுத்தார்கள். சாவி அக்காவிடம். பெறாமகனைத் தவிர வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. கூலி உழவுக்குப் போனாலும் அவன்தான் போவான். கேட்ட சொந்தக்காரர் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்கா மாறவில்லை.

பாதுகாப்பு பற்றி இரண்டு வரி தடித்த எழுத்தில் இருக்கிறது. ரொட்டவேற்றரில் புல் சுற்றினால் எஞ்சினை நிற்பாட்டிச் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் கிட்டப் போவது, சேலைத் தலைப்போ சாரமோ தொங்கக்கூடாது. செங்குத்தான வரம்பை முன்னால் ஏறாமல் பின்பக்கமாக ஏற்றுவது, ஏனென்றால் முன்சில்லு எழும்பிப் பின்னால் கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் அடியில் போவார்.

2022: டீசல்

அடுத்த வருடம் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். டொலர் 200 ரூபாவில் இருந்து 360 க்குப் போனது, ஆனி முடிவில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 460 ரூபா, அதுவும் வரிசையில் நாள்கணக்காக நின்றால்தான். அக்காவும் பெறாமகனும் மாறி மாறி நின்று கான் கானாகச் சேர்த்தார்கள். காலபோக உழவுக்கு இல்லாமல் போகுமோ என்ற பயத்தில் அதைத் தொடாமல் தாழ்வாரத்தில் மூன்று மாதம் வைத்திருந்தார்கள். ஒரு கானின் மூடி சரியாக இறுகவில்லை.

புரட்டாதியில் உழும்போது எஞ்சின் திணறி, இரண்டு தரம் இழுத்து, நின்றது. முதல் வருடம் என்றால் ஸ்டார்ட்டரை அடித்து அடித்துப் பற்றரியை முடித்திருப்பார்கள். இந்தத் தடவை பெறாமகன் இறங்கிக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தான். அடியில் அரைவாசிக்குத் தண்ணீர், டீசலுக்கும் அதற்கும் நடுவில் நூல் கட்டியதுபோல ஒரு கோடு, கீழே பழுப்பு மண். மெக்கானிக்குக்குப் போன் எடுத்தார்கள், அவர் வரவில்லை, போனிலேயே சொல்லிக் கொடுத்தார்: கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து, பில்டரை மாற்றி, தாங்கியின் அடியைத் திறந்து தெளியும்வரை வடியவிட்டு, பிறகு காற்றெடுக்கிற ஸ்குரூவைத் தளர்த்தி, கையால் பம்ப் பண்ண, நுரையாக வருவது நின்று சுத்த டீசல் வந்ததும் இறுக்குவது. ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. நாலாம் தரம் ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தத்துக்கு அக்கா அழுதுவிட்டார். பக்கத்து வயலில் நின்ற எனக்கும் தொண்டை அடைத்தது.

அதற்குப் பிறகு கானில் வருகிற டீசல் ஒரு இரவு அசையாமல் இருந்து தெளியும். மேலால் மட்டும், வலைபோட்ட புனலால் ஊற்றுவார்கள். அடியில் நிற்கிற இரண்டு விரல் அளவு தாங்கிக்குப் போவதில்லை.

2023: பால் நிற ஒயில்

சிறுபோகச் சேற்று உழவு முடிந்து கழுவும்போது முன் அச்சின் ஒயிலையும் பார்ப்பது கொப்பியில் இருந்த வேலை. அக்கா கம்பியை இழுத்தார், தேத்தண்ணீருக்குப் பால் விட்ட நிறம். தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ட்ரக்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, சத்தமும் இல்லை, ஓட்டிப் பார்த்தவன் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே நிற்பாட்டினார்.

சில்லு அச்சில் தண்ணீர் போகாமல் தடுக்கும் சீல் ஒன்றில் வைக்கோல் கயிறும் நைலோன் நூலும் சுற்றி வெட்டியிருந்தது. இரண்டு சீல், புது ஒயில், ஒரு நாள் வேலை. இதே பிழையைக் கவனிக்காமல் ஓட்டிய ஒருவரின் ட்ரக்டரில் பெயரிங்கும் பல்லுச் சில்லும் துருப்பிடித்து உடைந்ததை அதே கராஜில் மேசையில் வைத்திருந்தார்கள், அக்கா கையில் எடுத்துப் பார்த்தார்.

இடையில் சின்னப் பிழைகளும் உண்டு. மாரியில் மூன்று மாதம் சும்மா நின்றதில் பற்றரி இறங்கியது, காற்று வடிக்கும் பெட்டிக்குள் எலி கூடு கட்டியது. இப்போது சும்மா நிற்கிற காலத்தில் பற்றரி வயரைக் கழற்றிவிடுகிறார்கள், எடுக்கும்போது முதலில் அந்தப் பெட்டியைத் திறக்கிறார்கள்.

2024 ஆவணி நிலை

2024 ஆவணிவரை கொப்பிக் கணக்கில் 290 மணித்தியாலம். முதல் ஹெட் வேலைக்குப் பிறகு எஞ்சின் திறக்கப்படவில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு காலபோகமும் அக்காவின் வயல் முதல் மழைக்கு விதைத்தாகிவிட்டது. கூலி உழவில் வந்த காசில் அடகு நகையில் பாதிக்கு மேல் மீட்டாயிற்று, மிச்சம் இன்னும் அங்கேதான்.

மறுபடி என்றால் எதை மாற்றுவது

அக்காவிடம் இதைக் கேட்டேன். வாங்கப் போகும்போது ஒரு மெக்கானிக்கின் ஒரு நாள் கூலியைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்றார். எஞ்சின் சூடாக இருந்தால் திரும்பி வந்து அடுத்த நாள் விடியப் போயிருக்க வேண்டும் என்றார். நான் கூட்டிச் சொல்வது ஒன்று: கையில் இருந்த காசு முழுவதையும் இயந்திரத்துக்கே கொடுத்தது பிழை. பழுது பார்க்க ஒரு பங்கு ஒதுக்கியிருந்தால் அந்த ஐப்பசியில் ஹெட் வேலைக்கு இரண்டாம் தரம் நகை வைக்க வேண்டி வந்திராது. பெறாமகன் சொன்னது வேறு: "முள் ஏறினதைக் கண்டனான், சொன்னா ஏசுவினம் எண்டு சொல்லேல்லை." இப்போது அவன் எதைக் கண்டாலும் கொப்பியில் எழுதுகிறான், அக்கா ஏசுவதில்லை.

போன மாதம் ஊரில் இன்னொரு பெண் இப்படி ஒன்றை விலை பேசிவிட்டு ஆலோசனை கேட்டு வந்தார். அக்கா விலையைக் கேட்கவில்லை, கிளச் பெடலின் றப்பரைப் படம் எடுத்து வரச் சொல்லி அனுப்பினார். அக்காவின் ட்ரக்டரின் கிளச்சும் இப்போது கொஞ்சம் வழுக்குகிறது. வரும் காலபோகம் முடிய மெக்கானிக் திறப்பார், அதற்கு இப்போதே காசு சேர்க்கிறார்கள்.